ஜஃபரின் மேல் விழுந்த நிழல்

சென்ற ஆண்டு ஒருநாள், அப்பாசியர் ஆட்சியைப் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன், வகுப்பிலிருந்த பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். “கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் ஜஃபரைப் பற்றி யாருக்காவது தெரியுமா?” பத்துக் கைகளுக்கு மேல் உயர்ந்தன. வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே என்னை ஆட்கொண்டன. ஆயின் அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. “அவன் சூனியக்காரன் உஸ்தாத்! கையில் பாம்புத் தலைக் கோல் வைத்திருப்பான். தோளில் கிளி உட்கார்ந்திருக்கும். சுல்தானைக் கண்ணாலேயே மயக்கிவிடுவான்” என்றான் முன்வரிசைச் சிறுவன் ஒருவன். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

பிள்ளைகள் மேல் பிழையில்லை. அவர்கள் கண்ட ஜஃபர் அவன்தான். ஆனால் அந்த ஜஃபர் அரபு மொழியிலே பிறந்தவன் அல்லன். வரலாற்றிலே வாழ்ந்தவனும் அல்லன். 1940ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலத் திரைப்படத்திலே பிறந்தவன். ‘பக்தாத் திருடன்’ என்னும் அந்தப் படத்தையும், அது உலகின் கற்பனையிலே விட்டுச் சென்ற தடத்தையும், அந்தத் தடத்தின் அடியில் புதைந்துபோன ஒரு மனிதரின் பெயரையும் பற்றியே இங்கே சிறிது சிந்திக்க விழைகின்றேன்.

போர் மேகத்தின் கீழ் உருவான படம்

1924ஆம் ஆண்டிலேயே ‘பக்தாத் திருடன்’ என்னும் பெயரில் ஓர் அமெரிக்கப் படம் வந்திருந்தது. டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் என்பவர் நடித்த பேசாத படம் அது. அதில் வில்லனாக வருபவன் ஒரு மங்கோலிய இளவரசன். ஜஃபர் என்னும் பெயர் கொண்ட கொடியவன் அந்தப் படத்தில் இல்லை. இச்செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், இலண்டனிலே படத்தொழில் நடத்திவந்த அலெக்சாண்டர் கோர்டா என்னும் ஹங்கேரிய நாட்டவர் அதே பெயரில் வண்ணப் படம் ஒன்றை எடுக்க முனைந்தார். லூட்விக் பெர்கர், மைக்கேல் பவல், டிம் வீலன் என்னும் மூவரின் பெயர்கள் இயக்குநர்களாக அதில் இடம்பெற்றுள்ளன. பெயர் இடம்பெறாத பிறரும் சில பகுதிகளை எடுத்தனர். டென்ஹாம் என்னும் ஊரிலிருந்த படப்பிடிப்பு நிலையத்தில் மாபெரும் பக்தாத் நகரமே எழுப்பப்பட்டது. வேலை பாதி நடந்துகொண்டிருக்கையில், 1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. கோர்டா தம் ஆட்களில் சிலரைப் போர்ப் பிரசாரப் படம் ஒன்றின் பக்கம் திருப்ப நேர்ந்தது. பின்னர் எஞ்சிய வேலை கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. ஜின்னும் சிறுவனும் வரும் காட்சிகள் சில, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கிலே படமாக்கப்பட்டன. 1940 டிசம்பரில், இலண்டன் மாநகரின் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்த நாட்களில், படம் வெளிவந்தது. ஒளிப்பதிவு, கலை அமைப்பு, தந்திரக் காட்சிகள் ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கார் பரிசுகள் பெற்றது.

பறக்கும் குதிரையையும் கம்பளத்தையும் வானளாவிய ஜின்னையும் காட்டுவதற்கு அவர்கள் கையாண்ட முறை பிற்காலப் படத்தொழிலுக்கே பாடமாயிற்று. நடிகரை நீலத் திரையின் முன் நிறுத்திப் படம் பிடித்து, பின்பு அந்த நீலத்தை மட்டும் நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வானத்தையோ மலையையோ பொருத்துவது அம்முறை. லாரன்ஸ் பட்லர் என்னும் வல்லுநர் வண்ணப் படத்திலே இதனைப் பெரிய அளவில் செய்துகாட்டினார். இன்று கணினியின் துணையால் எந்த அற்புதத்தையும் எளிதில் காட்டுகின்றார்கள். அந்த அற்புதங்களின் மூதாதை அந்த நீலத் திரையே.

கண்ணைப் பற்றிய கதை

படத்தின் கதை இது. பக்தாதின் இளம் மன்னன் அஹ்மத். அவனுடைய அமைச்சன் ஜஃபர் மந்திரத்தில் வல்லவன். மாறுவேடம் பூண்டு குடிமக்களிடையே உலவும்படி மன்னனைத் தூண்டி, அவ்வாறு உலவும்போதே அவனைச் சிறையில் தள்ளிவிட்டு, அரியணையைக் கவர்ந்துகொள்கின்றான் ஜஃபர். சிறையிலே மன்னனுக்குத் துணையாக வாய்ப்பவன் அபூ என்னும் திருட்டுச் சிறுவன். இருவரும் தப்பிப் பஸராவுக்கு ஓடுகின்றார்கள். அங்கே இளவரசி ஒருத்தியைக் கண்டு அஹ்மத் மனம் பறிகொடுக்கின்றான். அவளையே விரும்பி வந்த ஜஃபர் தன் மந்திரத்தால் அஹ்மதைக் குருடனாக்குகின்றான், அபூவை நாயாக்குகின்றான்.

கூர்ந்து நோக்கினால் இந்தப் படம் முழுவதும் கண்ணைப் பற்றியதே என்பது விளங்கும். முதற்காட்சியில் வரும் கப்பலின் முகப்பிலே பெரிய கண் ஒன்று தீட்டப்பட்டிருக்கின்றது. ஜஃபரின் ஆயுதம் அவனுடைய கண்கள். கதாநாயகன் கண்ணிழந்தவன். இளவரசியின் முகத்தைக் காண்பது மரண தண்டனைக்குரிய குற்றம். அபூ மலையுச்சிக் கோயிலிலே ஏறி, இராட்சதச் சிலந்தியோடு போராடிக் கொண்டுவருவது எல்லாவற்றையும் காட்டும் கண்மணி. இறுதியில் அந்தக் கண்மணி உடைகின்ற போதுதான் சிறுவனுக்கு வழி திறக்கின்றது. சிறுவர் படம் என்று சொல்லிக்கொண்டு, அதிகாரம் படைத்தவன் பார்வையால் மக்களை எவ்வாறு அடிமை கொள்கின்றான் என்பதையே அது சொல்லிற்று. பக்தாதின் வீதியிலே கொடுமைக்குள்ளான மக்களிடம், தாழ்ந்தோரிலும் தாழ்ந்த சிறுவன் ஒருவன் வானிலிருந்து வந்து விடுதலை தருவான் என்று முதியவர் ஒருவர் ஆறுதல் கூறும் காட்சியும் அதில் உண்டு. 1940இல் அதனைக் கண்டவர்களுக்கு எந்தக் கொடுங்கோலன் நினைவுக்கு வந்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஜஃபராக நடித்த கான்ராட் வைட் ஜெர்மானியர். 1920இல் வெளிவந்த ‘டாக்டர் கலிகாரி’ என்னும் இருண்ட கற்பனைப் படத்தில் தூக்கத்தில் நடப்பவனாக நடித்துப் புகழ்பெற்றவர். அவருடைய மனைவி யூதப் பெண்மணி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் தாய்நாட்டைத் துறந்து இங்கிலாந்து சென்றார். கொடுங்கோன்மையிலிருந்து தப்பியோடிய மனிதரே திரையிலே கொடுங்கோலனுக்கு உருவம் கொடுத்தார். அந்த உருவத்தில் உயிர் இருந்தது. ஆகவேதான் அது சாகாமல் நிலைத்தது. ஆனால் அதற்குச் சூட்டப்பட்ட பெயர் பெர்லினிலிருந்து வரவில்லை, பக்தாதிலிருந்து வந்தது.

படத்தின் மிக அச்சமூட்டும் காட்சி வெள்ளிப் பாவையின் காட்சி. பஸராவின் சுல்தான் இயந்திரப் பொம்மைகள் மேல் தீராப் பித்துக் கொண்ட முதியவர். முதலில் பறக்கும் குதிரையைக் கொடுத்து இளவரசியைப் பேரம் பேசிய ஜஃபர், பின்னர் ஆறு கைகள் கொண்ட வெள்ளிப் பாவை ஒன்றைக் கொணர்கின்றான். பாவை ஆடுகின்றது, முதியவர் மயங்கி அணைக்கின்றார், அணைத்த கைகளில் ஒன்று அவர் முதுகிலே குத்துகின்றது. இந்தப் பொம்மைப் பித்து முழுதும் கற்பனையன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பக்தாதிலே பனூ மூஸா சகோதரர் மூவர் நூதன இயந்திரங்களைப் பற்றிக் ‘கிதாபுல் ஹியல்’ எழுதினார்கள். கி.பி. 1206இல் அல்ஜஸரீ தம் இயந்திர நூலை முடித்தார். ஹாரூன் ரஷீத் அனுப்பிய நீர்க்கடிகாரத்தைக் கண்டு ஃபிராங்கு நாட்டு அவையினர் வியந்ததை அந்நாட்டு ஆண்டுக் குறிப்புகள் பதிந்துள்ளன. அறிவின் விளைவாய் இருந்த இயந்திரம், திரையிலே கொலைக் கருவியாயிற்று.

மைசூர்க் காட்டிலிருந்து சென்ற சிறுவன்

திருட்டுச் சிறுவன் அபூவாக நடித்தவர் நம் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சாபு என்று உலகம் அறிந்த அவர் 1924இல் மைசூர் அரசைச் சேர்ந்த காரப்பூரில் ஒரு முஸ்லிம் யானைப்பாகரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். யானைக் கொட்டிலிலே வளர்ந்த அந்தச் சிறுவனைப் படமெடுக்க வந்த வெள்ளையர் கண்டெடுத்தனர். 1937இல் வெளிவந்த ‘யானைப் பையன்’ அவருக்கு உலகப் புகழைத் தந்தது. ‘பக்தாத் திருடன்’ வெளிவந்தபோது அவருக்கு வயது 16. பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, போரிலே குண்டுவீச்சு விமானத்தின் பீரங்கி வீரராகப் பசிபிக் பகுதியில் பணியாற்றி, வீரப் பதக்கமும் பெற்றார். 1963இல் தம் 39ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

அந்தப் படத்தின் முதன்மை நடிகர்களில் அரபி ஒருவர்கூட இல்லை. ஜஃபர் ஜெர்மானியர், அஹ்மதும் இளவரசியும் சுல்தானும் ஆங்கிலேயர், ஜின்னாக நடித்த ரெக்ஸ் இங்ரம் அமெரிக்க நீக்ரோ இனத்தவர். அவர்கள் நடுவே வாயில் கலிமா மொழிந்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை இந்த மைசூர்ச் சிறுவன் ஒருவனே. அப்படம் முழுமைக்கும் ஓர் உண்மையான இளமைத் துடிப்பை வழங்கியவரும் அவரே. கடைசிக் காட்சியில் அஹ்மத், இந்தச் சிறுவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஞானம் பயிற்றி, எதிர்காலத்தில் அமைச்சனாக்கப் போவதாக அறிவிக்கின்றான். பள்ளிக்கூடம் என்னும் சொல்லைக் கேட்டதுமே அபூ கம்பளத்தில் ஏறி வானில் பறந்துவிடுகின்றான்! முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, படத்திலேயே மிகவும் உண்மையான காட்சி இதுதான் என்று தோன்றுவதுண்டு.

மீனவனும் ஜின்னும்

படத்தின் மூலக்கதைகள் ‘அல்ஃபு லைலா வ லைலா’ என்னும் ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இந்நூலை அரபுப் புலவர்கள் உயர்வாக மதித்ததில்லை. ஹிஜ்ரி 377இல் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூற்பட்டியலை எழுதிய இப்னு நதீம், அக்கதை நூலைப் பலமுறை முழுமையாகப் பார்த்ததாகவும் அது சுவையற்ற நூல் என்றும் குறித்துச் சென்றார். ஐரோப்பாவுக்கு அதனை அறிமுகம் செய்தவர் பிரெஞ்சு நாட்டு அந்துவான் கலாந். 1704 முதல் 1717 வரை அவருடைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பல தொகுதிகளாக வெளிவந்தது. அலாவுத்தீன் கதையும் அலிபாபா கதையும் அவர் கையிலிருந்த அரபுச் சுவடியில் இல்லை. ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்னும் கிறித்தவ இளைஞர் 1709இல் பாரிசிலே அவருக்கு வாய்மொழியாகச் சொன்னவை அவை. பறக்கும் கம்பளம் வரும் இளவரசர் அஹ்மதின் கதையும் அவர் சொன்னதே. அரபு மூலம் முதன்முதலாக அச்சேறியது நம் நாட்டுக் கல்கத்தாவிலே. 1814இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது.

படத்திலே அபூ கடற்கரையில் ஒரு குப்பியைக் கண்டெடுத்துத் திறக்கின்றான். புகை எழுந்து ஜின்னாகின்றது. சுலைமான் நபியால் அடைபட்டுக் கிடந்த ஜின், தன்னை விடுவித்தவனையே கொல்லப் போவதாகச் சொல்கின்றது. இவ்வளவு பெரிய உருவம் இந்தச் சிறிய குப்பிக்குள் இருந்ததென்றால் நம்ப முடியுமா என்று அபூ வினவ, ஜின் மீண்டும் உள்ளே புக, அபூ மூடியை இறுக்குகின்றான். பிறகு மூன்று வரங்கள். பசித்த சிறுவன் கேட்கும் முதல் வரம் ஆங்கிலேயர் காலையில் உண்ணும் சாசேஜ்! பக்தாத் பிள்ளைக்கு இலண்டன் பசி.

மூலக்கதையிலே இருப்பவன் சிறுவன் அல்லன். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் வலை வீசாத ஏழை முதிய மீனவன். ஜின் அடைபட்டிருப்பது சுலைமான் நபியின் முத்திரையிட்ட செம்புக் குடத்திலே. ஜின்னை மீண்டும் அடைத்தபின் மீனவன் வரம் கேட்பதில்லை. நன்றி கெட்ட ஓர் அரசனும் அவனைக் குணப்படுத்திய தூபான் என்னும் மருத்துவனும் ஆகிய இருவரின் கதையைச் சொல்லி, நன்மைக்குத் தீமை செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று வாதாடுகின்றான். ஜின் சத்தியம் செய்து வெளிவந்து அவனை ஓர் ஏரிக்கு அழைத்துச் செல்கின்றது. அந்த ஏரியில் நான்கு நிற மீன்கள். பின்னரே தெரியவருகின்றது, அவை சூனியத்தால் மீன்களாக்கப்பட்ட ஒரு நகரத்து மக்கள் என்று. வெள்ளை மீன்கள் முஸ்லிம்கள், சிவப்பு மீன்கள் நெருப்பு வணங்கிகள், நீல மீன்கள் கிறித்தவர்கள், மஞ்சள் மீன்கள் யூதர்கள். நான்கு சமயத்தாரும் ஒரே நகரில் வாழ்ந்து, ஒரே சாபத்துக்கு ஆளாகி, ஒரே நாளில் மீட்சி பெறுகின்றார்கள்.

மூலக்கதையின் மையம் நன்றியும் வாதமும் மீட்சியும். படத்தின் மையம் வரமும் தந்திரமும். இதனைக் குறையென்று சொல்ல வரவில்லை. திரைக்குத் திரையின் இலக்கணம். நம் முன்னோரும் கிஸ்ஸா பாடியபோது மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டார்களா? ஆயினும் எது விடுபட்டது என்று அறிந்திருப்பது நல்லது.

உண்மையில் யார் ஜஃபர்?

நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறை ஒன்றில் நண்பன் வீட்டிலே வீடியோ கேசட்டின் வழியாக இந்தப் படத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து, ஜின்னின் சிரிப்பையும் ஜஃபரின் கண்களையும் தோழர்களுக்கு நடித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். உஸ்தாத் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அடி விழும் என்று நடுங்கினேன். அவரோ, “எந்த ஜஃபர்?” என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. உள்ளே சென்று இப்னு கல்லிகானின் ‘வஃபயாத்துல் அஃயான்’ தொகுதியை எடுத்துவந்து என் கையில் வைத்து, “இதில் ஜஃபர் இப்னு யஹ்யா என்ற பெயரைத் தேடி வாசி, நாளை எனக்குச் சொல்” என்றார். அன்றிரவு அகராதியின் துணையோடு தட்டுத்தடுமாறி வாசித்த அந்தப் பக்கங்களை இன்றளவும் நான் மறக்கவில்லை.

பர்மகியர் குடும்பம் பல்கு நகரிலிருந்து வந்தது. அவர்களுடைய முன்னோர் அங்கிருந்த நவ்பஹார் என்னும் பௌத்த விஹாரத்தின் தலைவர்கள். ‘பர்மக்’ என்பது ‘பிரமுக’ என்னும் வடசொல்லின் திரிபென்று ஆய்வாளர் கருதுவர். இஸ்லாத்தைத் தழுவியபின் காலித் இப்னு பர்மக் அப்பாசிய அரசின் தொடக்கத்திலேயே பெரும்பதவிகள் வகித்தார். அவருடைய மகன் யஹ்யா இளமையில் ஹாரூனை வளர்த்தவர். ஹாரூன் அவரைத் தந்தையென்றே அழைத்தார். ஹாரூன் கலீஃபாவான ஹிஜ்ரி 170 (கி.பி. 786) முதல் பதினேழு ஆண்டுகள் அரசு நடந்தது யஹ்யாவின் கையாலும் அவருடைய புதல்வர்கள் ஃபழ்லு, ஜஃபர் ஆகியோரின் கைகளாலும்தான்.

அந்தக் கைகள் செய்த பணிகள் சிறியனவல்ல. நம் இந்தியாவின் மூலிகைகளைக் கொணரவும் இந்நாட்டுச் சமயங்களைப் பற்றி எழுதிவரவும் யஹ்யா ஆள் அனுப்பினார் என்று இப்னு நதீம் குறிக்கின்றார். இந்திய மருத்துவர்கள் பக்தாதுக்கு வந்தனர்; சுஸ்ருதரின் நூல் அரபுக்குச் சென்றது. பஞ்சதந்திரத்தின் வழிவந்த ‘கலீலா வ திம்னா’வை அபான் என்னும் கவிஞர் பர்மகியர்க்காகச் செய்யுளில் அமைத்தார். பக்தாதிலே காகிதம் செய்யும் யோசனையைக் கூறியவர் ஃபழ்லு இப்னு யஹ்யா என்று இப்னு கல்தூன் எழுதுகின்றார். தோலும் நாணலும் போய்க் காகிதம் வந்திராவிட்டால் அறிவு அத்தனை மலிவாகப் பரவியிருக்குமா?

ஜஃபரைப் பற்றி இப்னு கல்லிகான் கூறுவதைக் கேளுங்கள். அவருடைய தந்தையார் அவரை இமாம் அபூஹனீஃபாவின் முதன்மை மாணாக்கரான காழி அபூயூசுஃபிடம் ஒப்படைத்து ஃபிக்ஹுச் சட்டம் கற்பித்தார். நாவன்மையிலும் எழுத்து வன்மையிலும் அவருக்கு இணை இல்லை. ஒரே இரவில் கலீஃபாவின் முன்னிலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களுக்குத் தீர்ப்பு எழுதினாராம். அவற்றில் ஒன்றுகூடச் சட்டத்துக்கு முரணாக இல்லையாம். ஓர் அதிகாரியின் மேல் முறையீடுகள் குவிந்தபோது, நீதியாய் நட, இல்லையேல் விலகு என்னும் பொருள்பட அவர் எழுதிய எதுகை நயம் வாய்ந்த சிறு குறிப்பு இலக்கிய மாணவர்க்கு இன்றும் பாடம். காழி அபூயூசுஃபின் மாணவர்! அவரைத்தான் உலகப் பிள்ளைகள் சூனியக்காரனாய் அறிந்திருக்கின்றார்கள்.

பர்மகியர் குறையற்ற மாந்தர் என்று நான் கூறவில்லை. அளவிறந்த செல்வம் சேர்த்தார்கள். கலீஃபாவின் மாளிகைக்கு நிகராகத் தங்கள் மாளிகைகளை எழுப்பினார்கள். அரசின் வருவாயும் பதவிகளும் ஒரே குடும்பத்தின் வாசலில் போய் நின்றன. அதன் முடிவு ஹிஜ்ரி 187இல் (கி.பி. 803) வந்தது. ஓர் இரவிலே ஹாரூனின் ஆள் மஸ்ரூர், இசை கேட்டுக்கொண்டிருந்த ஜஃபரிடம் வந்தார். விடிந்தபோது ஜஃபரின் தலை கலீஃபாவின் முன் இருந்தது. அவருடைய உடல் கூறாக்கப்பட்டுப் பக்தாதின் பாலங்களில் தொங்கவிடப்பட்டது. முதியவர் யஹ்யாவும் ஃபழ்லும் சிறையிலேயே மடிந்தனர். ஹாரூனின் சகோதரி அப்பாஸாவோடு ஜஃபருக்கு இருந்த உறவே காரணமென்று பேசப்பட்ட கதையை இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் மறுத்து, அதிகாரத்தையும் வருவாயையும் அவர்கள் தம் கையில் குவித்துக்கொண்டதே காரணம் என்று தெளிவுபடுத்தினார்.

இங்கேதான் ஆயிரத்தோர் இரவுகளின் பெயரறியாக் கதைசொல்லிகள் செய்த ஓர் அரிய செயலைக் காண்கின்றோம். அவர்களுடைய கதைகளில் இரவுதோறும் மூவர் மாறுவேடத்தில் பக்தாதின் வீதிகளில் உலவுகின்றார்கள். முதல்வர் ஹாரூன்; இரண்டாமவர் ஜஃபர்; மூன்றாமவர் யார்? மஸ்ரூர்! கொல்லச் சொன்னவரும், கொல்லப்பட்டவரும், கொன்றவரும் கதையிலே தோழர்களாய் ஒரே தெருவில் நடக்கின்றார்கள். ‘மூன்று ஆப்பிள்கள்’ கதையிலே மூன்று நாளில் கொலையாளியைக் கண்டுபிடிக்காவிடில் தலை போகும் என்று ஹாரூன் மிரட்ட, ஜஃபர் அஞ்சி நடுங்குகின்றார். ஆனால் கடைசியில் தப்பிவிடுகின்றார். வரலாறு பறித்த உயிரைக் கதை ஒவ்வோர் இரவும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. படிப்பறியா மக்களின் இரக்கம் புலவர்களின் நூல்களைவிட ஆழமாய் ஓடிற்று என்று எனக்குத் தோன்றும்.

அந்த இரக்கத்தையே 1940ஆம் ஆண்டுப் படம் தலைகீழாக்கிற்று. மாறுவேட நகர்வலம் சூழ்ச்சியாயிற்று. துணைநின்ற அமைச்சர் துரோகியானார்.

நிழல் நீண்ட கதை

பெயருக்கு ஒரு வலிமை உண்டு. 1989இல் கணினி விளையாட்டாக வந்த ‘பாரசீக இளவரசன்’ அப்படத்திலிருந்தே ஊக்கம் பெற்றது; அதிலும் கொடிய அமைச்சன் பெயர் ஜஃபர். 1992இல் டிஸ்னி நிறுவனம் ‘அலாவுத்தீன்’ சித்திரப் படத்தை வெளியிட்டது. கலாந் எழுதிய கதையிலே அலாவுத்தீன் சீன நாட்டுப் பிள்ளை. வில்லன் மேற்குத் திசையிலிருந்து வந்த மக்ரிபி மந்திரவாதி. ஜஃபர் என்பவர் அதிலே இல்லை. டிஸ்னி படத்திலோ ஜஃபரும், பொம்மைப் பித்துப் பிடித்த சுல்தானும், திருட்டுச் சிறுவனும் பழைய படத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். சாபு நடித்த அபூவின் பெயர் ஒரு குரங்குக்கு வைக்கப்பட்டது! அப்படத்தின் தொடக்கப் பாடலில் அரபு நாட்டைக் காது அறுக்கும் காட்டுமிராண்டி நாடாகச் சித்திரித்த அடி ஒன்றை அமெரிக்க அரபியர் சங்கம் கண்டித்தது; 1993இல் வீட்டு ஒளிநாடாவில் அது மாற்றப்பட்டது. 2019இல் நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கப்பட்டபோதும் ஜஃபர் ஜஃபராகவே நின்றார். பாடலடியை மாற்றக் குரலெழுப்பச் சங்கம் இருந்தது. காழி அபூயூசுஃபின் மாணவருக்காக முறையிட யார் இருந்தார்கள்?

தமிழிலும் இக்கதைகளின் அலை அடித்தது. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்தது. 1957இல் அலாவுத்தீனும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பாக்தாத் திருடன்’ படமும் வந்தன. பெரியவர்கள் பலருக்கு பக்தாத் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாள்வீச்சுதான். அவை களிப்பூட்டின, அதற்கு மேல் அவற்றிடம் நாம் வழக்காட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நகரத்தின் பெயரோடு ‘திருடன்’ என்னும் சொல் இணைந்துவிட்டால், அந்த நகரம் சூறையாடப்படும்போது உலகின் நெஞ்சம் போதிய அளவு துடிப்பதில்லை. 2003 ஏப்ரலில் பக்தாதின் அருங்காட்சியகம் பட்டப்பகலில் சூறையாடப்பட்டது. தேசிய நூலகம் தீக்கிரையாயிற்று. ஃபழ்லு காகிதத்துக்கு வழிகாட்டிய நகரிலே காகிதம் சாம்பலாய்ப் பறந்தது. அந்நாளில் பக்தாத் திருடன் என்று யாரைச் சொல்வது? அந்த வினாவுக்கு எந்தப் படத்திலும் விடையில்லை.

அப்படத்தைப் பார்க்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் வண்ணங்களும் இசையும் மைசூர்ச் சிறுவனின் சிரிப்பும் இன்றும் மனத்தைக் கவர்வன. கோர்டாவுக்கும் கான்ராட் வைட்டுக்கும் பர்மகியர்மேல் பகையொன்றும் இல்லை. செவிக்கினிய அரபுப் பெயர் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவே. மற்றவர் நம் முன்னோரின் பெயரை அறியாமல் எடுத்தாள்வது ஒரு குறை. நாமே அறியாதிருப்பது அதனினும் பெரிய குறை. ஜஃபரை மறந்தது இலண்டன் அன்று. அவர் வரலாற்றை அலமாரியில் பூட்டிவைத்த நம் வீடுகள்.

ஆகவே அன்றைய வகுப்பில் நான் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை. என் உஸ்தாத் எனக்குச் செய்ததையே நானும் செய்தேன். “எந்த ஜஃபர்?” என்று கேட்டேன். பிறகு பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஆயிரம் மனுக்களுக்கு ஓரிரவில் தீர்ப்பு எழுதிய இளைஞரின் கதையைத் தொடங்கினேன். மணி அடித்த பின்னும் அவர்கள் எழவில்லை. பாலத்தில் தொங்கிய உடலைச் சொன்னபோது முன்வரிசைச் சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். சிறிது நேரம் கழித்து, “அப்படியானால் அந்தப் பாம்புக் கோல் யாருடையது, உஸ்தாத்?” என்று கேட்டான். “அது படக்காரர்களுடையது, தம்பி. ஜஃபரின் கையில் இருந்தது எழுதுகோல்” என்றேன்.